பழைய ஹார்ட் டிஸ்க்கை முழுசாகத் துடைத்து மறுபடி சேமிப்புக்குப் பயன்படுத்துவது எப்படி?

பழைய கணினியில் மதர்போர்டு போயிருக்கலாம், திரை போயிருக்கலாம், இல்லை அது தவழ்கிற வேகம் பொறுக்காமல் நீங்களே புதிதுக்கு மாறியிருக்கலாம். எதுவானாலும் உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்க் பல நேரம் இன்னும் ஓடக்கூடியதாகத்தான் இருக்கும். அதைக் கழற்றித் துடைத்து எக்ஸ்டர்னல் கேஸ் ஒன்றில் போட்டால், படம், பாட்டு, பேக்கப் என்று போட்டுவைக்க 500 ஜிபியோ 1 டிபியோ இடம் கிடைத்துவிடும். இதற்குக் கணினி வல்லுநராக இருக்க வேண்டியதில்லை. ஒரு ஸ்க்ரூடிரைவர், ஓர் அடாப்டர், ஒரு ராத்திரி நேரம் போதும். வேலையில் முக்கால்வாசி காத்திருப்புதான்.

எந்த மென்பொருளை வைத்துத் துடைப்பது என்றுதான் புதியவர்கள் முதலில் கேட்பார்கள். என்னைக் கேட்டால் அது சின்னக் கேள்வி. எந்த டிஸ்க்கைத் துடைக்கப்போகிறோம், துடைத்த பிறகு அதை நம்பலாமா என்கிற இரண்டும்தான் பெரிய கேள்விகள். அதனால் இங்கே அவற்றுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

டிலீட் வேறு, ஃபார்மேட் வேறு, துடைப்பது வேறு

ஒரு ஃபைலை டிலீட் செய்து ரீசைக்கிள் பின்னையும் காலி செய்தால், அந்த ஃபைல் இருந்த இடம் "இனி காலி" என்று குறிக்கப்படும், அவ்வளவுதான். ஃபைலின் உள்ளடக்கம் டிஸ்க்கில் அப்படியே கிடக்கும், வேறு ஏதாவது அதன் மேல் எழுதப்படும் வரை. குவிக் ஃபார்மேட்டும் ஏறக்குறைய இதே கதை. எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணைக்குப் பதில் புதிதாக ஒரு வெற்று அட்டவணையை எழுதிவிட்டு "டிஸ்க் காலி" என்று காட்டும். வாசலில் இருந்த பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டார்கள், ஆள் உள்ளேயேதான் இருக்கிறார். இலவசமாகக் கிடைக்கும் ஃபோட்டோரெக் போன்ற மீட்பு மென்பொருள்கள் அட்டவணையைப் பார்ப்பதே இல்லை. டிஸ்க்கை நேரடியாகத் தடவிப் பார்த்து, இது ஜேபெக் படத்தின் ஆரம்பம், இது பிடிஎஃப்பின் ஆரம்பம் என்று அடையாளம் கண்டு வெளியே எடுத்துவிடும்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. அமெரிக்காவின் எம்ஐடியைச் சேர்ந்த இரண்டு ஆய்வு மாணவர்கள் 2000 முதல் 2002 வரை 158 பழைய ஹார்ட் டிஸ்க்குகளை வாங்கிச் சோதித்து, 2003இல் முடிவை வெளியிட்டார்கள். ஓடிய 129 டிஸ்க்குகளில் 12 மட்டுமே ஒழுங்காகத் துடைக்கப்பட்டிருந்தன. மற்றவற்றிலிருந்து ஆயிரக்கணக்கான கிரெடிட் கார்டு எண்கள், மருத்துவக் குறிப்புகள், சொந்தக் கடிதங்கள் எல்லாம் வந்தன. அந்த டிஸ்க்குகளில் பல, விற்பதற்கு முன் ஃபார்மேட் செய்யப்பட்டவைதான்.

"நான் யாருக்கும் விற்கப்போவதில்லை, என்னிடமே இருக்கப்போகிறது, பிறகு எதற்கு முழுத் துடைப்பு?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சேமிப்பு டிஸ்க் ஒரு வீட்டோடு நிற்காது. படம் ஏற்றித்தருகிறேன் என்று நண்பர் வாங்கிப்போவார், இன்னொரு நாள் யாருக்காவது சும்மாவே கொடுத்துவிடுவீர்கள். ஆனால் என் கணக்கில் இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. டிஸ்க்கில் டேட்டா எழுதப்படும் சின்னச் சின்னக் கட்டங்களுக்குச் செக்டர் என்று பெயர். முழுத் துடைப்பு என்பது முதல் செக்டரிலிருந்து கடைசி செக்டர் வரை ஒன்று விடாமல் எழுதிப் பார்ப்பது. பழைய டிஸ்க்குக்கு வீட்டில் செய்யக்கூடிய பரிசோதனைகளில் இதைவிடக் கடுமையானது அதிகம் இல்லை. ஒரு முறை முழுக்க எழுதத் தாங்காத டிஸ்க்கில் உங்கள் குடும்பப் படங்களைப் போட்டுவைப்பதில் அர்த்தமில்லை.

துடைப்பதற்கு முன் எடுத்துவைக்க வேண்டியவை

டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ், டெஸ்க்டாப் இவற்றை எல்லோரும் எடுத்துவிடுவார்கள். விட்டுப்போவது வேறு இடங்களில் இருக்கும். விண்டோஸில் உங்கள் பயனர் ஃபோல்டருக்குள் ஆப்டேட்டா என்று மறைத்துவைக்கப்பட்ட ஒரு ஃபோல்டர் உண்டு. பிரவுசரின் புக்மார்க்குகள், சேமித்த பாஸ்வேர்டுகள், தண்டர்பேர்ட் வைத்திருந்தால் அதன் அஞ்சல்கள் எல்லாம் அதற்குள்தான். அவுட்லுக் பயன்படுத்தியவர்கள் பிஎஸ்டி என்று முடியும் ஃபைல்களைத் தேடி எடுத்துக்கொள்ளுங்கள். கணக்கு எழுதும் மென்பொருள் இருந்தால், அது டேட்டாவை எங்கே வைக்கிறது என்று அதன் செட்டிங்ஸில் பாருங்கள். சில மென்பொருள்கள் சி டிரைவின் மேல்மட்டத்திலேயே தனக்கென ஒரு ஃபோல்டர் போட்டுக்கொள்ளும்.

கணினி இன்னும் ஓடுகிறதென்றால் இரண்டு காரியங்களை முடித்துவிடுங்கள். இத்தனை கணினிகளில்தான் ஓடும் என்று வரம்பு வைத்த மென்பொருள்களிலிருந்து இந்தக் கணினியை விடுவியுங்கள். இரண்டாம் கட்டச் சரிபார்ப்புக்கு இந்தக் கணினியை நம்பியிருக்கும் கணக்குகள் இருந்தால் அவற்றைப் புதுக் கணினிக்கோ போனுக்கோ மாற்றுங்கள். டிஸ்க்கில் பிட்லாக்கர் (டேட்டாவை மறையாக்கிப் பூட்டும் விண்டோஸ் வசதி) போட்டிருந்தால், வேறு கணினியில் செருகும்போது 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். டேட்டாவை எடுக்க வேண்டுமென்றால் அது கட்டாயம் வேண்டும். துடைக்க மட்டும் என்றால் வேண்டாம்.

எடுத்தாயிற்றா? இப்போது உடனே துடைக்கப் போகாதீர்கள். எடுத்த ஃபைல்களைப் புதுக் கணினியில் நாலைந்தாவது திறந்து பாருங்கள். அப்புறம் பழைய டிஸ்க்கைச் சில வாரம் அப்படியே மேசை டிராயரில் போட்டு வையுங்கள். எதையாவது விட்டிருந்தால் அதற்குள் ஞாபகம் வந்துவிடும். அவசரமாகத் துடைப்பதால் யாருக்கும் ஒரு லாபமும் இல்லை.

கழற்றுவதும் இணைப்பதும்

கணினியை அணைத்து மின்கம்பியை உருவுங்கள். லேப்டாப் என்றால் பேட்டரியையும் கழற்றுங்கள், உள்ளே பொருத்தியது என்றால் அதன் இணைப்பையாவது விடுவியுங்கள். டிஸ்க்கைத் தொடும் முன் கணினியின் வர்ணம் பூசாத உலோகப் பகுதி எதையாவது ஒரு முறை தொட்டுக்கொள்வது நல்லது, உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் இறங்கிவிடும். டிஸ்க்கைப் பக்கவாட்டில் பிடியுங்கள். அடியில் தெரியும் பச்சை நிறச் சர்க்யூட் போர்டில் விரல் படவேண்டாம்.

கையில் எடுத்ததும் மேலே ஒட்டியிருக்கும் லேபிளைப் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். மாடல் எண், சீரியல் எண், கொள்ளளவு மூன்றும் அதில் இருக்கும். பின்னால் இந்தப் படம்தான் உங்களைக் காப்பாற்றப் போகிறது.

லேப்டாப் டிஸ்க் 2.5 அங்குலம். அதற்கு 5 வோல்ட் போதும் என்பதால் யுஎஸ்பி கேபிளிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். மேசைக் கணினி டிஸ்க் 3.5 அங்குலம், 12 வோல்ட்டும் வேண்டும். எனவே தனி மின் அடாப்டரோடு வரும் சாட்டா-யுஎஸ்பி இணைப்பானோ டாக்கோ வாங்க வேண்டும். 2.5 அங்குலத்துக்கான மெலிதான கேபிளை வாங்கி 3.5 அங்குல டிஸ்க்கில் செருகிவிட்டு "டிஸ்க் செத்துப்போச்சு" என்று முடிவு கட்டுபவர்கள் நிறைய. பின்பக்கம் எல் வடிவத்தில் தட்டையான இரண்டு இணைப்பு இருந்தால் சாட்டா. இரண்டு வரிசையாக ஊசி ஊசியாக நின்றால் அது ஐடிஇ, மிகப் பழையது, அதற்கு வேறு அடாப்டர். அவ்வளவு பழைய டிஸ்க் பெரும்பாலும் 80 ஜிபி, 160 ஜிபி அளவில்தான் இருக்கும். துடைத்து ஓரமாக வைக்கலாமே தவிர சேமிப்புக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன், இன்றைய பென் டிரைவில் அதைவிட இடம் அதிகம்.

யுஎஸ்பி 3 துளையில் செருகுங்கள், உள்ளே பெரும்பாலும் நீல நிறமாக இருக்கும். யுஎஸ்பி 2 துளையில் விநாடிக்கு 30, 40 எம்பிக்கு மேல் போகாது. 1 டிபியைத் துடைக்க ஏழெட்டு மணி நேரம் ஆகிவிடும்.

செருகியதும் காதைக் கொடுத்துக் கேளுங்கள். சீராகச் சுழலும் இரைச்சல் வந்தால் சரி. "டிக்... டிக்... டிக்..." என்று ஒரே தாளத்தில் தட்டிவிட்டுச் சுழற்சி நின்று மறுபடி ஆரம்பித்தால், முதலில் அடாப்டரை மாற்றிப் பாருங்கள். அப்போதும் தட்டினால் அந்த டிஸ்க்கின் காலம் முடிந்தது.

துடைக்கும் முன் ஒரு நாடி பார்ப்பு

ஒவ்வொரு ஹார்ட் டிஸ்க்கும் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைத்துக்கொள்ளும். அதற்கு ஸ்மார்ட் என்று பெயர். விண்டோஸில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ, லினக்ஸில் ஜிஸ்மார்ட்கன்ட்ரோல், இரண்டும் இலவசம். திறந்ததும் பெரிய பட்டியல் வந்து மிரட்டும். மூன்று வரி பார்த்தால் போதும்.

முதலாவது, எண் 5, ரீஅலகேட்டட் செக்டர்கள். கெட்டுப்போய், மாற்று இடம் ஒதுக்கப்பட்ட செக்டர்களின் எண்ணிக்கை. இரண்டாவது, எண் 197, பெண்டிங் செக்டர்கள். படிக்க முடியாமல் திணறி, இன்னும் முடிவெடுக்காமல் நிலுவையில் இருப்பவை. மூன்றாவது, எண் 9, டிஸ்க் ஓடிய மொத்த மணி நேரம். ஒரு வருடத்துக்கு 8,760 மணி நேரம் என்று வைத்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 199ஆம் எண் கூடிக்கொண்டே போனால் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் கேபிள் கோளாறுதான்.

கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் ஒரு சின்னச் சிக்கல் உண்டு. கடைசிப் பத்தியில் வரும் எண்கள் பதினாறடிமான முறையில் இருக்கும். அதில் 10 என்று இருந்தால் உண்மையில் 16. மெனுவில் பத்தடிமானத்துக்கு மாற்றிவிட்டுப் படியுங்கள். இடப்பக்கம் வரும் எண்களும் இதே முறைதான். 197ஐத் தேடினால் கிடைக்காது, சி5 என்று இருக்கும்.

5, 197 இரண்டுமே சுழியம் என்றால் மகிழ்ச்சி. சில எண்ணிக்கை இருந்தாலும் இப்போதே தூக்கிப் போட வேண்டாம். எண்களைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், துடைத்த பிறகு மறுபடி பார்ப்போம். விலை குறைந்த சில யுஎஸ்பி அடாப்டர்கள் ஸ்மார்ட் விவரத்தைக் கணினிக்குக் கடத்தாது. பட்டியலே வரவில்லை என்றால் அதுதான் காரணம்.

எந்த டிஸ்க் என்று உறுதி செய்வது

இந்த வேலையில் திரும்பப் பெறமுடியாத தவறு ஒன்றே ஒன்றுதான்: வேறு டிஸ்க்கைத் துடைத்துவிடுவது. எனவே மற்ற எக்ஸ்டர்னல் டிஸ்க், பென் டிரைவ், மெமரி கார்டு எல்லாவற்றையும் முதலில் பிடுங்கிவிடுங்கள். பேக்கப் டிஸ்க் இருந்தால் அது மேசையிலேயே இருக்கக்கூடாது.

லேபிளில் 500 ஜிபி என்று இருக்கும் டிஸ்க்கை விண்டோஸ் 465 ஜிபி என்றுதான் காட்டும், 1 டிபியை 931 ஜிபி என்று காட்டும். தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1,024ஆக எண்ணுகிறது. இடம் எங்கும் காணாமல் போகவில்லை. ஆனால் அளவை மட்டும் நம்பாதீர்கள். புதுக் கணினியிலும் 1 டிபி, பழைய டிஸ்க்கும் 1 டிபி என்றால் பட்டியலில் இரண்டு 931 நிற்கும். மாடல் பெயர்தான் சாட்சி.

விண்டோஸில் துடைப்பது

கூடுதலாக எதுவும் நிறுவ வேண்டாம். விண்டோஸிலேயே டிஸ்க்பார்ட் என்ற கருவி இருக்கிறது. கட்டளைகளைப் படிக்க வசதியாகத் தமிழ் எழுத்தில் தருகிறேன், தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

1. ஸ்டார்ட் மெனுவில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் தேடி, அதை வலது கிளிக் செய்து நிர்வாகியாகத் திறங்கள். டிஸ்க்பார்ட் என்று தட்டி என்டர் அழுத்துங்கள்.

2. லிஸ்ட் டிஸ்க் என்று தட்டுங்கள். டிஸ்க் 0, டிஸ்க் 1 என்று பட்டியல் வரும். இப்போது பழைய டிஸ்க்கின் யுஎஸ்பி கேபிளை உருவிவிட்டு மறுபடி அதே கட்டளையைத் தட்டுங்கள். எந்த வரி காணாமல் போகிறதோ அதுதான் உங்கள் டிஸ்க். திரும்பச் செருகி இன்னொரு முறை பட்டியலைப் பாருங்கள். எண் மாறியிருக்கவும் கூடும்.

3. அது டிஸ்க் 2 என்று வைத்துக்கொள்வோம். செலெக்ட் டிஸ்க் 2 என்று தட்டுங்கள். பிறகு டீட்டெய்ல் டிஸ்க் என்று தட்டினால் முதல் வரியில் மாடல் பெயர் வரும். போனில் எடுத்த படத்தோடு ஒப்பிடுங்கள். அடாப்டர் சில நேரம் தன் பெயரையே காட்டிவிடும். அப்போது கீழே வரும் பார்ட்டிஷன்களின் (டிஸ்க்கைப் பிரித்துவைத்த பகுதிகள்) பெயரையும் அளவையும் பாருங்கள். பூட் டிஸ்க் என்ற வரியில் இல்லை என்று இருக்க வேண்டும்.

4. கடைசியாக ஒரு முறை லிஸ்ட் டிஸ்க். தேர்ந்தெடுத்த டிஸ்க்கின் வரிக்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறி நிற்கும். அது சரியான வரியில் நிற்கிறதா?

5. கிளீன் ஆல் என்று தட்டி என்டர்.

நன்றாகக் கவனியுங்கள், "நிச்சயமாகவா?" என்று எந்தக் கேள்வியும் வராது. என்டர் அழுத்திய நொடியில் வேலை ஆரம்பித்துவிடும். விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்க்கை மட்டும் தொட மறுத்துவிடும். அதே கணினியில் இருக்கும் இரண்டாவது டேட்டா டிஸ்க்குக்கு அந்தப் பாதுகாப்புக் கிடையாது.

கிளீன் என்று மட்டும் தட்டினால் சில நொடிகளில் முடிந்துவிடும், பார்ட்டிஷன் அட்டவணை மட்டுமே அழியும். ஆல் என்ற சொல் சேர்ந்தால்தான் எல்லாச் செக்டரிலும் சுழியம் எழுதப்படும்.

இனி பொறுமை வேண்டும். எத்தனை சதவீதம் முடிந்தது என்று டிஸ்க்பார்ட் எதுவும் சொல்லாது. கறுப்புத் திரையில் கர்சர் மட்டும் மினுக்கிக்கொண்டே இருக்கும். தொங்கிவிட்டது என்று நினைத்து மூடிவிடாதீர்கள். டாஸ்க் மேனேஜரின் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைத் திறந்தால் அந்த டிஸ்க்கின் எழுதும் வேகம் தெரியும். விநாடிக்கு 100 எம்பி என்ற வேகத்தில் 1 டிபி முடிய ஏறக்குறைய 2 மணி 45 நிமிடம் ஆகும். ஆனால் அந்த வேகம் கடைசி வரை நிற்காது. தட்டின் வெளி விளிம்பில் எழுதும்போது வேகம், உள்ளே போகப்போக ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிடும். 100இல் ஆரம்பித்து 50இல் முடிந்தால் பதறவேண்டாம், ஹார்ட் டிஸ்க்கின் இயல்பே அப்படித்தான். நடுவில் திடீரென்று சுழியத்துக்கு இறங்கி, நெடுநேரம் நின்று, மறுபடி எழுந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

ஆரம்பிப்பதற்கு முன் பவர் செட்டிங்ஸில் ஸ்லீப்பை நிறுத்திவிடுங்கள். லேப்டாப் என்றால் சார்ஜரைச் செருகியே வையுங்கள். ராத்திரி தூங்கப்போகும் முன் தொடங்கினால் காலையில் முடிந்திருக்கும். டிஸ்க்கைத் தலையணை மேலோ துணி மேலோ வைக்கவேண்டாம், மணிக்கணக்கில் எழுதும்போது நன்றாகவே சூடேறும். கடினமான பரப்பில், காற்றோட்டமாக இருக்கட்டும்.

டிஸ்க்பார்ட் பயமாக இருக்கிறது என்றால், டிஸ்க் மேனேஜ்மெண்ட்டில் போய்ப் பார்ட்டிஷன்களை நீக்கிவிட்டு, ஒரே பார்ட்டிஷனாக உருவாக்கி, குவிக் ஃபார்மேட் என்ற டிக்கை எடுத்துவிட்டு ஃபார்மேட் செய்யலாம். விஸ்டாவிலிருந்து விண்டோஸின் முழு ஃபார்மேட் சுழியம் எழுதுகிறது. எக்ஸ்பி காலத்தில் அது வெறுமனே படித்துத்தான் பார்த்தது. இந்த வழியில் ஒரு தடங்கல் வரும். பழைய விண்டோஸ் டிஸ்க்கில் இருக்கும் இஎஃப்ஐ பார்ட்டிஷனையும் ரெகவரி பார்ட்டிஷனையும் டிஸ்க் மேனேஜ்மெண்ட் நீக்க விடாது. கடைசியில் டிஸ்க்பார்ட்டிடமே வர வேண்டியிருக்கும்.

மேக், லினக்ஸ், கழற்ற முடியாத கணினி

மேக்கில் டிஸ்க் யுடிலிட்டியைத் திறந்து, வியூ மெனுவில் எல்லாச் சாதனங்களையும் காட்டு என்பதைத் தேர்வு செய்யுங்கள். இல்லாவிட்டால் பார்ட்டிஷன் மட்டும்தான் தெரியும். மேல்மட்டத்தில் இருக்கும் டிஸ்க் பெயரைச் சொடுக்கி, இரேஸ் அழுத்தி, செக்யூரிட்டி ஆப்ஷன்ஸில் உள்ள நகர்த்தியை வேகமானது என்ற முனையிலிருந்து ஒரு படி நகர்த்தினால் போதும்.

லினக்ஸில் டிஸ்க்ஸ் என்ற செயலியில் மேல் மூலை மெனுவிலிருந்து ஃபார்மேட் டிஸ்க், அதில் சுழியங்களால் மேலெழுது என்ற தேர்வு. டெர்மினலில் பழகியவர்கள் பேட்பிளாக்ஸ் கட்டளையின் எழுதிப் பார்க்கும் முறையைப் பயன்படுத்தலாம். நான்கு வெவ்வேறு வடிவங்களை எழுதி, ஒவ்வொன்றையும் திரும்பப் படித்துச் சரிபார்க்கும், கடைசி வடிவம் சுழியம். துடைப்பும் பரிசோதனையும் ஒரே ஓட்டத்தில் முடியும் என்பதால் எனக்குப் பிடித்தது இதுதான். ஆனால் பெரிய டிஸ்க்கில் இரண்டு மூன்று நாள் கூட ஓடும்.

டிஸ்க்கைக் கழற்ற வழியில்லை, பழைய கணினி இன்னும் ஓடுகிறது என்றால் ஷ்ரெட்ஓஎஸ் என்ற துடைக்கும் மென்பொருளைப் பென் டிரைவில் ஏற்றி அதிலிருந்து பூட் செய்யுங்கள். பலரும் டிபேன் என்ற பெயரைச் சொல்வார்கள். அது 2015க்குப் பிறகு புதுப்பிக்கப்படவில்லை, யுஇஎஃப்ஐ என்ற புதிய தொடக்க முறை கொண்ட கணினிகளில் மல்லுக்கட்டும். ஷ்ரெட்ஓஎஸ்ஸுக்குள் ஓடும் என்வைப், டிபேனின் வழியில் வந்ததுதான். திரையும் அப்படியே இருக்கும்.

எத்தனை முறை துடைக்க வேண்டும்?

ஒரு முறை. 35 முறை எழுத வேண்டும் என்று எங்காவது படித்திருப்பீர்கள். அது பீட்டர் குட்மன் 1996இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையிலிருந்து வந்த எண். அன்றைய பல வகை டிஸ்க்குகளுக்கும் சேர்த்துப் போட்ட பட்டியல் அது. எந்த ஒரு டிஸ்க்குக்கும் 35ம் தேவையில்லை என்று பின்னாளில் அவரே எழுதிவிட்டார். அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2014இல் வெளியிட்ட வழிகாட்டியும், காந்த டிஸ்க்கில் ஒரு முறை சுழியம் எழுதினாலே ஆய்வகக் கருவிகளாலும் மீட்பது கடினம் என்கிறது. ஏழு முறை, 35 முறை ஓட்டினால் பழைய டிஸ்க் தேய்வதுதான் மிச்சம்.

ஒரே ஒரு ஓட்டை உண்டு. ஏற்கெனவே கெட்டு, மாற்று இடம் ஒதுக்கப்பட்ட செக்டர்களைச் சாதாரண மேலெழுதல் தொடாது. உங்களிடமே இருக்கும் டிஸ்க்குக்கு இது ஒரு பொருட்டே இல்லை.

எஸ்எஸ்டி என்றால் வழி வேறு

கழற்றியது எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சில்லுகளில் சேமிக்கும் டிஸ்க்) என்றால் மேலே சொன்ன சுழியம் எழுதும் வேலை வேண்டாம். எஸ்எஸ்டி, தேய்மானத்தைப் பகிர்ந்துகொள்ள எழுத்துகளை இடம் மாற்றி மாற்றி வைக்கும், கணினி கண்ணுக்குத் தெரியாத உபரி இடமும் அதில் உண்டு. மேலெழுதினால் எல்லாமே அழிந்தது என்று சொல்ல முடியாது, ஆயுளும் கொஞ்சம் குறையும். தயாரிப்பாளர் தரும் கருவியில் செக்யூர் இரேஸ் என்று இருக்கும். சாம்சங் என்றால் மேஜிஷியன், க்ரூஷியல் என்றால் ஸ்டோரேஜ் எக்ஸிக்யூட்டிவ். சில நொடிகளில், அதிகம் போனால் சில நிமிடங்களில் முடிந்துவிடும். பல எஸ்எஸ்டிகளுக்கு யுஎஸ்பி அடாப்டர் வழியாக இந்தக் கட்டளை போய்ச் சேராது, மதர்போர்டில் நேரடியாகச் செருக வேண்டியிருக்கும்.

அழிந்ததா? டிஸ்க் தேறியதா?

கிளீன் ஆல் முடிந்து, டிஸ்க் வெற்றிகரமாகத் துடைக்கப்பட்டது என்ற செய்தி வந்ததும் விண்டோஸ் "இந்த டிஸ்க்கை இனிஷியலைஸ் செய்யவா?" என்று கேட்கலாம். கொஞ்சம் பொறுங்கள், அதை ரத்து செய்யுங்கள். எச்எக்ஸ்டி என்ற இலவச ஹெக்ஸ் எடிட்டரை (டிஸ்க்கில் எழுதியிருப்பதை எண்களாக அப்படியே காட்டும் மென்பொருள்) நிர்வாகியாகத் திறந்து, டிஸ்க்கைப் படிக்க மட்டும் என்ற முறையில் திறங்கள். வரி வரியாக 00 00 00 00 என்று ஓடும். நடுவிலும் கடைசியிலும் பத்து இடத்தில் தாவிப் பாருங்கள். எங்கும் 00 தவிர வேறெதுவும் கண்ணில் படக்கூடாது. வலப்பக்கம் எழுத்துகள் வரும் பத்தியில் வெறும் புள்ளிகள்தான் நிற்கும். கையில் நேரமிருந்தால் ஃபோட்டோரெக்கையும் ஒரு முறை ஓட்டுங்கள், மீட்டது சுழியம் என்று வரவேண்டும்.

இப்போது ஸ்மார்ட்டை மறுபடி திறந்து, முன்பு குறித்துவைத்த எண்களோடு ஒப்பிடுங்கள். பெண்டிங் செக்டர்கள் சில இருந்து இப்போது சுழியமாகி, ரீஅலகேட்டட் எண்ணிக்கையும் கூடவில்லை என்றால் நல்ல செய்தி: அந்தச் செக்டர்கள் புதிதாக எழுதியதும் சரியாகிவிட்டன. பெண்டிங் குறைந்து ரீஅலகேட்டட் சற்றே கூடியிருந்தால், டிஸ்க் மாற்று இடம் கொடுத்துச் சமாளித்திருக்கிறது. இன்னொரு முறை முழுக்கத் துடையுங்கள். இரண்டாம் முறை எண் நகரவில்லையென்றால், போனாலும் பரவாயில்லை என்கிற ஃபைல்களுக்கு வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு முறையும் எண் ஏறுகிறதென்றால் விட்டுவிடுங்கள்.

கிளீன் ஆல் பாதியில் ஐ/ஓ பிழை (படிக்கவோ எழுதவோ முடியவில்லை) என்று சொல்லி நின்றால், முதலில் கேபிளையும் யுஎஸ்பி துளையையும் மாற்றி இன்னொரு முறை முயலுங்கள். மறுபடி நின்றால் சேமிப்புக்கு அது ஆகாது. ஆனால் அதில் டேட்டா பாதி அழியாமல் கிடக்கிறது என்பதை மறந்துவிட்டு அப்படியே குப்பையில் போடக்கூடாது. மூடியைக் கழற்றித் தட்டுகளை நன்றாகக் கீறுங்கள், வளையுங்கள். லேப்டாப் டிஸ்க்கின் தட்டு பெரும்பாலும் கண்ணாடி, சில்லுச் சில்லாக உடையும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கைக்குக் கையுறையும் போட்டுக்கொண்டு, ஒரு துணிப்பைக்குள் வைத்துச் செய்யுங்கள். மிச்சத்தை மின்கழிவு வாங்குமிடத்தில் கொடுங்கள்.

புதுக் குடித்தனம்

டிஸ்க் தேறிவிட்டதா, இனி ஐந்து நிமிட வேலைதான். டிஸ்க் மேனேஜ்மெண்ட்டில் இனிஷியலைஸ் கேட்கும்போது, பார்ட்டிஷன் அட்டவணையின் இரண்டு வகைகளான ஜிபிடி, எம்பிஆரில் ஜிபிடியைத் தேர்வு செய்யுங்கள். எம்பிஆர் வேண்டியது மிகப் பழைய கணினிக்கோ, சில பழைய டிவிக்கோ மட்டும். 2 டிபிக்கு மேற்பட்ட டிஸ்க்கை எம்பிஆரால் முழுசாகக் கையாள முடியாது. பிறகு வலது கிளிக் செய்து நியூ சிம்பிள் வால்யூம், இந்த முறை குவிக் ஃபார்மேட்டே போதும்.

விண்டோஸோடு மட்டும் புழங்கப்போகிறது என்றால் என்டிஎஃப்எஸ். மேக்குக்கும் விண்டோஸுக்கும் மாறி மாறிப் போகும் என்றால் எக்ஸ்ஃபேட். மேக்கால் என்டிஎஃப்எஸ்ஸைப் படிக்க முடியும், தானாக எழுதத் தெரியாது. எக்ஸ்ஃபேட்டில் ஜர்னல் (செய்யப்போகும் மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவேடு) கிடையாது, எழுதிக்கொண்டிருக்கும்போது கேபிளை உருவினால் ஃபைல் அமைப்பே குழம்பிவிடலாம். பாதுகாப்பாக வெளியேற்று என்பதை அழுத்தாமல் பிடுங்கும் பழக்கம் உள்ளவர்கள் என்டிஎஃப்எஸ் பக்கமே இருங்கள். ஃபேட்32 வேண்டாம், 4 ஜிபிக்கு மேல் ஒரு ஃபைலைக்கூட வாங்காது. அலகேஷன் யூனிட் அளவு என்று கேட்பதை அப்படியே விட்டுவிடுங்கள்.

எதைப் போடுவது? ஏற்கெனவே வேறு இடத்தில் ஒரு பிரதி இருப்பவை எல்லாவற்றுக்கும் இது நல்ல இடம்: படங்களின் இரண்டாம் பிரதி, திரும்ப இறக்கிக்கொள்ளக்கூடிய வீடியோக்கள், மென்பொருள் நிறுவிகள். ஒரே பிரதியாக இருக்கும் எதையும் இதில் போடாதீர்கள். 30,000 மணி நேரம் ஓடிய டிஸ்க் எத்தனை நல்ல எண்களைக் காட்டினாலும் 30,000 மணி நேரம் ஓடியதுதான். சில மாதத்துக்கு ஒரு முறை செருகி, 5, 197 இரண்டையும் ஒரு பார்வை பாருங்கள்.

முதல் ஃபைலைப் போடும் முன் இன்னும் ஒன்று: டிஸ்க்கை என்கிரிப்ட் செய்துவிடுங்கள், அதாவது பாஸ்வேர்டு இல்லாமல் படிக்க முடியாதபடி மறையாக்கிவிடுங்கள். விண்டோஸ் புரோ வைத்திருந்தால் பிட்லாக்கர், இல்லையென்றால் மூன்று இயங்குதளத்திலும் ஓடும் வெராகிரிப்ட். அப்படிச் செய்துவிட்டால் இந்த டிஸ்க் திடீரென்று எழுத மறுத்துச் செத்துப்போனாலும், பாஸ்வேர்டு இல்லாதவருக்கு உள்ளே இருப்பது வெறும் குப்பைதான். தட்டைக் கீறும் வேலையும் மிச்சம். மீட்புச் சாவியை மட்டும் அதே டிஸ்க்கில் சேமித்துவைக்காதீர்கள்.